20 உயிர், ஒரு மண்டபம், ஒரு நாள்: நம் ஊரில் வளர்ப்பு நாய், பூனைகளுக்குக் கருத்தடை முகாம் நடத்த

வீட்டில் வளரும் பெண் பூனை ஐந்தாறு மாதத்திலேயே சினைப்பருவத்துக்கு வந்துவிடும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். குட்டிகள் பால் குடித்துக்கொண்டிருக்கும்போதே தாய் மறுபடியும் சினையாகலாம். தனியார் மருத்துவமனையில் கருத்தடைக்கு ஆகும் செலவு, ஓட்டு வீட்டில் குடியிருந்து ஒரு பூனை வளர்க்கும் குடும்பத்துக்கு எட்டாது. குட்டிகளைச் சாக்கில் போட்டு மீன் மார்க்கெட்டில் விட்டுவருகிறவர்களில் பலர் கல்நெஞ்சக்காரர்கள் அல்லர். வேறு வழி தெரியாதவர்கள். அவர்களுக்கு ஒரு வழியைக் காட்டத்தான் இந்த முகாம்.

இங்கே சொல்வது தமிழ்நாட்டின் ஒரு சிற்றூரில், ஒரே நாளில், சுமார் 20 வளர்ப்பு விலங்குகளுக்கு நடத்தும் முதல் முகாம் பற்றி. அறுவை மேசையை ஒரு நல்ல மருத்துவர் பார்த்துக்கொள்வார். முகாம் கெட்டுப்போவது பெரும்பாலும் மேசைக்கு முன்னும் பின்னும்தான்: முந்தின இரவு வயிற்றில் என்ன போனது, அறுவை முடிந்து மயங்கிக் கிடக்கும்போது யார் பக்கத்தில் இருந்தார்கள். அந்த இரண்டும் உங்கள் கையில் இருக்கின்றன.

முதலில் சட்டம்

தெருநாய்களை இந்த முகாமில் சேர்க்காதீர்கள். 2023-இல் வந்த விலங்குகள் இனக்கட்டுப்பாட்டு விதிகளின்படி தெருநாய்களுக்குக் கருத்தடை செய்வது உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. அதைச் செய்யும் அமைப்புக்கு இந்திய விலங்குகள் நல வாரியத்தின் அங்கீகாரம் வேண்டும். கூண்டு வசதி, பிடிக்கும் முறை, பிடித்த இடத்திலேயே திரும்ப விடுவது என்று அதற்குத் தனிக் கட்டுப்பாடுகள் உண்டு. நல்ல எண்ணத்தில் நான்கு தெருநாய்களைப் பிடித்து வந்தால் முகாமே சிக்கலில் மாட்டும். வளர்ப்பு விலங்குக்குக் கருத்தடை, தடுப்பூசி, குடற்புழு நீக்கம் எல்லாம் வளர்ப்பவர் பொறுப்பு என்று அதே விதிகள் சொல்கின்றன. நம் முகாம் அந்தப் பொறுப்பை நிறைவேற்ற உதவும் முகாம்.

1984-ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் கவுன்சில் சட்டப்படி, பதிவு பெற்ற கால்நடை மருத்துவர் மட்டுமே அறுவை செய்யலாம். ஊரில் 'கை ராசிக்காரர்' என்று பெயர் வாங்கிய உதவியாளர் இருந்தாலும் கத்தியைத் தொட அவருக்கு அனுமதி இல்லை. மருத்துவரின் பதிவு எண்ணை வாங்கிக் கோப்பில் வையுங்கள். கால்நடை பராமரிப்புத் துறையின் மண்டல இணை இயக்குநர் அலுவலகத்துக்கும், நகராட்சி அல்லது பேரூராட்சி அலுவலகத்துக்கும் ஒரு மாதம் முன்பே கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதற்கான முத்திரையை நகலில் வாங்குங்கள். அரசு மருந்தக மருத்துவர் வருவதாக இருந்தால் துறையின் அனுமதி எழுத்தில் வேண்டும். இந்த அறிமுகம் இன்னொரு வகையிலும் உதவும். அரசு மருந்தகத்திலிருந்து வெறிநோய்த் தடுப்பூசி கிடைக்குமா என்று அப்போதே கேட்டுவிடலாம்.

மயக்கத்துக்குப் பயன்படும் கெட்டமின் 2013 முதல், கடும் கட்டுப்பாட்டோடு மட்டுமே விற்கக்கூடிய மருந்துகளின் பட்டியலான அட்டவணை எக்ஸில் இருக்கிறது. மருத்துவர்தான் தன் சீட்டில் வாங்க வேண்டும், பூட்டி வைக்க வேண்டும், எவ்வளவு செலவானது என்று பதிவேட்டில் எழுத வேண்டும். அமைப்பாளர்கள் அதை வாங்க முயலவே கூடாது. கடைசி வாரத்தில் 'மருந்து கிடைக்கவில்லை' என்று முகாம் நின்றுபோவது உண்டு. ஆகவே தேதி குறிப்பதற்கு முன் மருத்துவரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி இது.

எத்தனை விலங்கு என்பதைத் தலை எண்ணிக்கையால் முடிவு செய்யாதீர்கள்

ஓர் ஆண் பூனைக்கு ஐந்து நிமிடம் போதும். கொழுத்த ஒரு பெண் நாய் முக்கால் மணி நேரத்தை எடுத்துக்கொள்ளும். இரண்டையும் 'ஒன்று' என்று எண்ணினால் மாலை ஆறு மணிக்கும் மேசையில் நாய் இருக்கும். அதனால் புள்ளிக் கணக்கு போடுங்கள். ஆண் பூனை 1 புள்ளி, பெண் பூனை 2, ஆண் நாய் 2, பெண் நாய் 4. 20 கிலோவுக்கு மேலோ, கொழுப்பு அதிகமாகவோ இருக்கும் பெண் நாய்க்கு 6. அனுபவமுள்ள ஒரு மருத்துவருக்கு, மயக்கம் கொடுக்க இரண்டாவது மருத்துவரும் இருந்தால், ஒரு நாளுக்கு 40 புள்ளி. 10 பெண் பூனை, 5 ஆண் பூனை, 3 ஆண் நாய், 2 பெண் நாய் என்றால் 39. அதுதான் நம் 20. அதே 20-உம் பெண் நாயாக இருந்தால் 80 புள்ளி, அதாவது இரண்டு நாள் வேலை.

பணமும் இடமும் குறைவாக இருந்தால் பெண் விலங்குகளுக்கு முதலிடம் கொடுங்கள். தெருவில் பத்து ஆண் பூனைகளில் ஒன்பதுக்குச் செய்துவிட்டாலும் மிச்சமிருக்கும் ஒன்று எல்லாப் பெண் பூனைகளையும் சினையாக்கிவிடும். ஒரு பெண் பூனைக்குச் செய்தால் அதன் ஈற்று அத்தோடு முடிந்தது. ஆண் நாய்க்குச் செய்யக் கூடாது என்றில்லை. காசு சிறிதாக இருக்கும்போது எங்கே போட்டால் பலன் அதிகம் என்பதுதான் கேள்வி.

இன்னொரு கணக்கும் உண்டு. மயக்கம் தெளியும் இடத்தில் ஒரு தன்னார்வலர் ஒரே நேரத்தில் மூன்று விலங்குகளுக்கு மேல் பார்க்க முடியாது. மூன்று பேர் என்றால் ஒன்பது பாய். ஒன்பதும் நிறைந்துவிட்டால் மேசை காத்திருக்க வேண்டும், மருத்துவர் சும்மா இருந்தாலும் சரி. இந்த விதியை முகாமுக்கு முன்பே மருத்துவரிடம் பேசி ஒப்புக்கொள்ளுங்கள். அன்றைய அவசரத்தில் பேசினால் எடுபடாது.

நாளும் இடமும்

சித்திரை, வைகாசி வெயிலில் வேண்டாம். காத்திருக்கும் விலங்கு மூச்சு இரைத்து இரைத்தே சோர்ந்துவிடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் புண் ஆறச் சிரமம், வீட்டில் ஈரமில்லாத மூலையே இருக்காது. ஆடியும் மார்கழியும்தான் நல்ல காலம். அந்த மாதங்களில் கல்யாணம் இல்லாததால் மண்டபம் சும்மா கிடக்கும், வாடகையைப் பேசிக் குறைக்கலாம். ஆடியில் ஒன்றை மட்டும் கவனியுங்கள்: பக்கத்து அம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் நாளாக இருக்கக் கூடாது. ஒலிபெருக்கியும் வெடியும் பாதி மயக்கத்தில் இருக்கும் பூனையை அலறி எழ வைக்கும்.

கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடம் இந்த வேலைக்கு அமைந்ததுபோல் இருக்கும். கழுவிவிடும் தரை, தண்ணீர், நீள மேசைகள், ஜெனரேட்டர். மணமகள் அறை போன்ற சிறிய, கதவுள்ள அறையை அறுவைக்கு ஒதுக்குங்கள். மின்விசிறியை அங்கே போடக் கூடாது, தூசி திறந்த வயிற்றில் விழும். பூனைகளுக்கு நாய் கண்ணில் படாத தனி அறை வேண்டும். ஜன்னல்களை முந்தின நாளே சோதியுங்கள். தப்பிய பூனை பரணில் ஏறினால் அன்றைக்கு அரை நாள் போயிற்று.

தரையைத் துடைக்கப் பினாயில் வேண்டாம். பினாயில், டெட்டால் வகைகளில் இருக்கும் பொருள்கள் பூனையின் உடலில் எளிதில் கழியாது. பாதத்தில் ஒட்டியதை நக்கினாலே நஞ்சு. பிளீச்சிங் கரைசல் போதும். 5 சதவீதத் திரவம் ஒரு பங்குக்குத் தண்ணீர் 30 பங்கு, பத்து நிமிடம் ஊறவிட்டுப் பிறகு நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள். நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ கிருமி மாதக்கணக்கில் தரையில் உயிரோடு கிடக்கும். அதை அழிக்கவும் இதுவே ஏற்றது.

காசு

செலவை இரண்டாகப் பிரியுங்கள். எத்தனை விலங்கு வந்தாலும் மாறாதது: மருத்துவர் மதிப்பூதியம், மண்டபம், ஆக்சிஜன் சிலிண்டர் வாடகை, வண்டி, சாப்பாடு. ஒவ்வொரு விலங்குக்கும் கூடுவது: மயக்க மருந்து, தையல் நூல், கையுறை, வலி ஊசி, தடுப்பூசி. கணக்கு புரிய ஓர் எடுத்துக்காட்டு: மாறாச் செலவு 18,000 ரூபாய், தலைக்கு 500 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், 20 வந்தால் ஒன்றுக்கு 1,400 ரூபாய். 12 மட்டும் வந்தால் 2,000. வராமல் போகிறவர்கள்தான் முகாமின் செலவை ஏற்றுகிறார்கள்.

அதனால் முழு இலவசம் என்று அறிவிக்காதீர்கள். பதிவின்போது 200 ரூபாய் முன்பணம் வாங்குங்கள். அதுவும் முடியாதவர்களுக்கு முகாமில் சத்தமில்லாமல் திருப்பிக் கொடுத்துவிடலாம். முன்பணம் கட்டியவர் காலையில் வந்து நிற்பார். மேற்கொண்டு, நடந்து வரும் தூரத்தில் இருக்கும் நான்கைந்து பேரைக் காத்திருப்புப் பட்டியலில் வைத்து, காலை எட்டு மணிக்குள் 'வாங்க' அல்லது 'பூனைக்குச் சோறு போட்டுடுங்க' என்று கட்டாயம் சொல்லிவிடுங்கள். பட்டினி போட்டுவிட்டு மறந்துவிடக் கூடாது.

மருந்தில் மிச்சம் பிடிக்க நினைக்காதீர்கள். வலி ஊசியும் நல்ல நூலும் குறைக்கக் கூடாதவை. மிச்சம் பிடிக்க வேறு இடம் உண்டு. பாய்க்கும் விரிப்புக்கும் பழைய வேட்டி, துண்டு, பருத்திச் சேலை 40 உருப்படி வீடு வீடாகக் கேட்டால் கிடைத்துவிடும்.

நோட்டீஸ்

'இனக்கட்டுப்பாட்டு அறுவை' என்று அச்சடித்தால் பலருக்கும் விளங்காது. 'நாய், பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன்' என்று போடுங்கள். ஆணுக்கு 'காயடிப்பது' என்ற சொல்லைத் தவிருங்கள். மயக்கமே கொடுக்காமல் காளைக்குச் செய்ததைப் பார்த்து வளர்ந்த தலைமுறைக்கு அந்தச் சொல்லைக் கேட்டாலே உடம்பு கூசும். இங்கே முழு மயக்கம் உண்டு, வலி தெரியாது என்பதை நோட்டீஸிலேயே சொல்லுங்கள்.

எல்லா ஊரிலும் வரும் கேள்வி ஒன்று: 'ஒரு தடவையாவது குட்டி போடட்டுமே?' ஓர் ஈற்று கண்டால் உடம்புக்கு நல்லது என்பதற்கு மருத்துவ ஆதாரம் இல்லை. முதல் பருவத்துக்கு முன்பே செய்துவிட்டால் பிற்காலத்தில் மடிக்கட்டி வரும் வாய்ப்பு குறையும். சினைப்பையும் கருப்பையும் எடுத்துவிடுவதால் வயதான பெண் நாய்களுக்கு வரும் கருப்பைச் சீழ் நோயும் வராது. இதை வாதமாகச் சொல்லாமல், 'அக்கா, போன தடவை போட்ட நாலு குட்டியும் இப்ப எங்க இருக்கு?' என்று கேளுங்கள். பதில் அவர்களிடமே இருக்கும்.

பதிவு

பதிவுத் தாளில் இவை இருக்கட்டும்: வளர்ப்பவர் பெயர், இரண்டு தொலைபேசி எண், விலங்கின் பெயர், நிறம், பால், வயது, கடைசியாகப் பருவத்துக்கு வந்த நாள், கடைசியாக ஈன்ற நாள், தடுப்பூசி, அண்மையில் வந்த நோய். ஒப்புதல் கையெழுத்தில் இரண்டு விஷயம் தெளிவாக இருக்க வேண்டும். எந்த மயக்கத்திலும் உயிர் ஆபத்து சிறிதளவு உண்டு என்பது ஒன்று. திறந்து பார்த்தபின் சினை என்று தெரிந்தால் தொடரலாமா என்பது மற்றொன்று. இரண்டாவதற்குத் தனிக் கையெழுத்து வாங்குங்கள். வயிற்றைத் திறந்து வைத்துக்கொண்டு தொலைபேசியில் கேட்கும் கேள்வி அல்ல அது.

பதிவின்போதே சிலவற்றை ஒதுக்கிவிடலாம். பருவத்தில் இருக்கும் பெண் நாய்க்கு ரத்த ஓட்டம் அதிகம். இரண்டு மூன்று மாதம் கழித்து வரச் சொல்லுங்கள். பால் கொடுக்கும் தாய்க்கு, குட்டி பால் மறந்து இரண்டு வாரம் கழியட்டும். பக், புல்டாக் போன்ற தட்டை மூக்கு நாய்களை முகாமில் எடுக்கவே கூடாது. மயக்கம் தெளியும்போது மூச்சுத் திணறும் ஆபத்து அவற்றுக்கு அதிகம், முழு வசதியுள்ள மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும். ஏழெட்டு வயது தாண்டியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை இல்லாமல் முகாமில் செய்யாதீர்கள். ஆண் நாய்க்கு இரண்டு விரையும் பையில் இறங்கியிருக்கிறதா என்று கேளுங்கள். ஒன்று வயிற்றுக்குள் தங்கியிருந்தால் அது பெரிய அறுவை, புள்ளி 6.

இனி, நம் பகுதியில் எல்லாவற்றையும்விடக் கவனமாகப் பார்க்க வேண்டியது: உண்ணிக் காய்ச்சல். உண்ணி கடித்துப் பரவும் எர்லிக்கியா கிருமி, ரத்தத்தை உறைய வைக்கும் தட்டணுக்களைக் குறைத்துவிடும். நாய் வெளிப்பார்வைக்குச் சற்றுச் சோர்வாக இருக்கும், அவ்வளவுதான். வயிற்றைத் திறந்தபின் சின்ன ரத்தக்குழாய்கூடக் கசிவதை நிறுத்தாது. முகாமில் நடக்கும் சாவுகளில் இப்படி வருபவை தடுக்கக்கூடியவை. காதுமடலைப் புரட்டிப் பாருங்கள், விரலிடுக்கைப் பாருங்கள். உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு வினாடிக்குள் மறுபடி சிவக்க வேண்டும். அடிவயிற்றில் ஊசிமுனை அளவு சிவப்புப் புள்ளிகள், மூக்கில் ரத்தம் வந்த வரலாறு, வெளிறிய ஈறு, காய்ச்சல், இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்று அறுவை கிடையாது. ரத்தம் பரிசோதித்து, மருந்து கொடுத்து, தேறியபின் அடுத்த முகாமில் பார்த்துக்கொள்ளலாம். வளர்ப்பவர் எவ்வளவு கெஞ்சினாலும் இதில் இளகக் கூடாது.

முந்தின நாள் தொலைபேசி

இந்த அழைப்பை விட்டுவிட்டால் காலையில் ஐந்து விலங்கைத் திருப்பி அனுப்ப வேண்டி வரும். மாலையில் ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்து, எளிய பேச்சில் சொல்லுங்கள்: 'அம்மா, ராத்திரி பத்து மணிக்கு மேல நாய்க்குச் சாப்பாடு வேண்டாம். தண்ணி காலையில ஆறு மணி வரைக்கும் குடிக்கலாம். பூனையா இருந்தா இன்னைக்குச் சாயங்காலமே உள்ள வெச்சுக் கதவைச் சாத்திடுங்க. வெளிய போனா எங்கயாவது மீன் தலையைத் தின்னுட்டு வந்துரும்.'

காலையில் பதிவு மேசையில் 'சாப்பிட்டதா?' என்று கேட்டால் 'இல்லை' என்றுதான் பதில் வரும். 'கடைசியா என்ன கொடுத்தீங்க, எத்தனை மணிக்கு?' என்று கேளுங்கள். 'ஒண்ணுமில்ல, வெறும் பால்தான்.' பாலும் சாப்பாடுதான். மயக்க ஊசி போட்டதும் வாந்தி வரலாம். வயிற்றில் இருப்பது மேலே வந்து மூச்சுக்குழலில் இறங்கினால் நுரையீரல் கெடும். நான்கு மாதத்துக்கு உட்பட்ட குட்டிக்கு மட்டும் இந்த விதி வேறு. நீண்ட பட்டினியில் அதன் ரத்தச் சர்க்கரை இறங்கிவிடும். மூன்று, நான்கு மணி நேரம் போதும், முதல் வரிசையில் அதை முடித்துவிட வேண்டும்.

பூனையைக் கையில் தூக்கி ஆட்டோவில் வர வேண்டாம் என்றும் சொல்லுங்கள். கூண்டு இல்லாத வீட்டுக்குத் தக்காளி டிரே இரண்டு போதும். ஒன்றின் மேல் ஒன்றைக் கவிழ்த்து நான்கு மூலையிலும் கேபிள் டை போட்டால் காற்றோட்டமான கூண்டு. சாக்கு வேண்டவே வேண்டாம். கழுத்தில் பட்டையே கட்டாமல் வளர்ந்த நாட்டு நாய்க்கு முந்தின வாரமே கயிறு பழக்கச் சொல்லுங்கள்.

சாமான்

கருவிக் கட்டு ஒன்றுக்கு ஒரு விலங்குதான். ஸ்பிரிட்டில் முக்கி எடுத்து அடுத்ததற்குப் பயன்படுத்துவது கிருமி நீக்கம் ஆகாது. நம் கணக்கில் வயிற்றைத் திறப்பவை 12, ஆண் நாய் 3, ஆக 15 பெரிய கட்டு, ஆண் பூனைக்கு 5 சிறிய கட்டு. பெரிய கட்டு எட்டுதான் இருந்தால், எட்டையும் முந்தின இரவே கிருமி நீக்கி வைத்துவிட்டு, நான்கு அறுவை முடிந்ததும் முதல் நான்கைக் கழுவி, அழுத்த ஆவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் ஏற்றுங்கள். 121 டிகிரி செல்சியசில், 15 பவுண்டு அழுத்தத்தில் 30 நிமிடம். அழுத்தம் ஏறிய பிறகுதான் நிமிடத்தை எண்ண வேண்டும். சூடேறுவது, ஆவி இறங்குவது, துணி உலருவது எல்லாம் சேர்த்து ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். கட்டுகளை நெருக்கி அடைத்தால் நடுவில் ஆவி போகாது. கட்டின் மேல் ஒட்டும், ஆவியின் சூடு பட்டால் நிறம் மாறும் காட்டி நாடா (இண்டிகேட்டர் டேப்) நிறம் மாறாத கட்டு மேசைக்கு வரக் கூடாது. ஆட்டோகிளேவ் கெட்டால் வீட்டுப் பெரிய பிரஷர் குக்கர் கைகொடுக்கும், அதுவும் ஏறத்தாழ அதே அழுத்தத்தில்தான் இயங்குகிறது. உள்ளிருக்கும் காற்று வெளியேறி, ஆவி சீராக வந்தபின் வெயிட் போடுங்கள். கட்டுகள் தண்ணீரில் படாமல் உயரமான தட்டில் இருக்கட்டும்.

அவசரப் பெட்டியை மருத்துவர் நிரப்புவார். அது எங்கே இருக்கிறது என்று எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். அட்ரினலின், அட்ரோபின், சைலசின் மயக்கத்தை முறிக்கும் யோகிம்பின், மூச்சுக்குழலுக்குள் செலுத்தும் பல அளவுக் குழாய்கள், கையால் அமுக்கி மூச்சுக் கொடுக்கும் ஆம்பு (Ambu) பை, ஆக்சிஜன், ரத்தநாளத்தில் போடும் 22, 24 அளவு கேனுலா, அதன் வழியே ஏற்றும் ரிங்கர் லாக்டேட் திரவம். மின்சாரம் போகும் என்று எண்ணியே தலையில் மாட்டும் எல்இடி விளக்கு இரண்டு வையுங்கள். எடை பார்க்கத் தராசு கட்டாயம். 3 கிலோ பூனையை 4 கிலோ என்று கண்ணால் மதிப்பிட்டால் மருந்து மூன்றில் ஒரு பங்கு கூடிப்போகும்.

அன்றைய ஓட்டம்

ஏழரைக்குப் பூனை, எட்டரைக்கு நாய் என்று வரும் நேரத்தைப் பிரியுங்கள். வந்ததும் கழுத்தில் எண் எழுதிய நாடா. அதே எண் கூண்டில், தாளில், பாயில். கறுப்புப் பூனை நான்கு வந்தால் இந்த எண் ஒன்றுதான் துணை. ஆணா பெண்ணா என்பதைத் தாளை நம்பாமல் வாலைத் தூக்கிப் பார்த்து உறுதி செய்யுங்கள். 'பெண்' என்று ஆண் பூனையைக் கொண்டுவருவது சர்வ சாதாரணம்.

ஆள் கணக்கு: பதிவில் இருவர், மயிர் மழிக்க ஒருவர், கருவி கழுவ ஒருவர், மருத்துவருக்குப் பக்கத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர் ஒருவர், மயக்கம் தெளியும் இடத்தில் மூவர், காத்திருக்கும் குடும்பங்களிடம் பேச ஒருவர், ஓடியாட ஒருவர். எல்லோருக்கும் வெறிநோய் முன்தடுப்பு ஊசி 0, 7, 21 அல்லது 28-ஆம் நாள் என்ற கணக்கில் போட்டிருக்க வேண்டும், எனவே ஒரு மாதத்துக்கு முன்பே தொடங்குங்கள். கடி பட்டால் 15 நிமிடம் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கழுவி, அன்றே ஆஸ்பத்திரி. முன்தடுப்பு போட்டவர்களும் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பக் கூடாது.

மழிப்பது அறுவை அறைக்கு வெளியே. சவர பிளேடைவிடக் கிளிப்பர் நல்லது. பிளேடு கீறிய இடம் எரியும், எரிந்தால் நக்கும், நக்கினால் தையல் பிரியும். கெட்டமின் கொடுத்த விலங்கின் கண் திறந்தே இருக்கும். விழித்திருக்கிறது என்று பதற வேண்டாம், கண் காயாமல் களிம்பு போடுங்கள். தையல் பக்கத்தில் பச்சை மையால் ஒரு சிறு கோடு பச்சை குத்தச் சொல்லுங்கள். நாளைக்கு அது வீடு மாறிப் போனால் இன்னொருவர் மறுபடி வயிற்றைத் திறக்காமல் இருக்க அந்த ஒரு கோடு உதவும்.

கடைசி மயக்க ஊசி பிற்பகல் இரண்டரைக்கு. அதற்குப் பின் எடுத்தால் இருட்டில் தள்ளாடும் நாயை வீட்டுக்கு அனுப்ப வேண்டியிருக்கும்.

மயக்கம் தெளியும் இடம்

இங்கே உங்கள் மிகப் பொறுமையான ஆட்களை உட்கார வையுங்கள். விலங்கைப் பக்கவாட்டில் படுக்க வைத்து, கழுத்தை நேராக நீட்டி, நாக்கை வெளியே இழுத்துவிடுங்கள். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மார்பு ஏறி இறங்குகிறதா, ஈறு இளஞ்சிவப்பா என்று பார்த்து நேரத்தோடு எழுதுங்கள். ஈறு வெளுத்தாலோ நீலம் பாரித்தாலோ எழுந்து ஓடிப்போய்ச் சொல்லாதீர்கள். அங்கிருந்தே குரல் கொடுங்கள், அந்த விலங்கை விட்டு நகரக் கூடாது.

நம் ஊர் வெயிலில் குளிர் அடிக்குமா என்று தோன்றும். அடிக்கும். மயக்கத்தில் உடல் தன் சூட்டைக் காக்காது, ஸ்பிரிட் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகும், திறந்த வயிற்றின் வழியாகவும் போகும். நாய், பூனைக்கு இயல்பான வெப்பம் 100.5 முதல் 102.5 டிகிரி பாரன்ஹீட். 2 கிலோ பூனை அரை மணி நேரத்தில் 97-க்கு இறங்கிவிடலாம். சூடு குறைந்தால் மருந்து கழிவது தாமதமாகும், தெளிவதும் தாமதமாகும், மேலும் குளிரும். பழைய தண்ணீர் பாட்டிலில் வெந்நீர் ஊற்றித் துண்டில் இரண்டு சுற்றுச் சுற்றி முதுகுப் பக்கம் வையுங்கள். துண்டு இல்லாமல் வைத்தால் தோல் வெந்துவிடும், மயக்கத்தில் அதற்கு விலகிப் படுக்கத் தெரியாது.

தெளிந்து வரும் பூனையை ஒரு நிமிடம் கவனித்துப் பாருங்கள். முதலில் காது நுனி துடிக்கும். பிறகு மீசை. நாக்கு மெல்ல உள்ளே போகும், தொண்டை ஒருமுறை அசைந்து எச்சில் விழுங்கும். விழுங்கிவிட்டால் பெரிய ஆபத்து தாண்டியது என்று வையுங்கள். இனி கூண்டுக்குள் மாற்றி, மேலே துணி போட்டு, சத்தமில்லாமல் விடுங்கள். இந்த நேரத்தில் அதன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டுத் தட்டி எழுப்பும் குடும்பத்தாரை அன்பாகத் தள்ளி நிறுத்த வேண்டும்.

கழிவும் இழப்பும்

எடுத்த உறுப்புகள் மஞ்சள் பையில், கையுறையும் குழாய்களும் சிவப்பில், ஊசியும் பிளேடும் துளைக்க முடியாத வெள்ளைப் பெட்டியில். இது 2016-இன் உயிரி மருத்துவக் கழிவு விதி. பொதுச் சுத்திகரிப்பு நிலையத்தோடு ஏற்கெனவே ஒப்பந்தம் வைத்திருக்கும் ஒரு மருத்துவமனையோடு முன்கூட்டியே பேசி அன்று மாலையே ஒப்படையுங்கள். மண்டபத்துக்குப் பின்னால் புதைத்தால் இரவோடு இரவாக நாய் தோண்டிவிடும்.

ஒரு விலங்கு இறந்துவிட்டால், மருத்துவரே குடும்பத்திடம் தனி அறையில் சொல்ல வேண்டும். என்ன நடந்தது என்று தெரிந்ததை மறைக்காமல் சொல்லுங்கள். பிரேதப் பரிசோதனைக்கு வழி செய்யுங்கள், கட்டிய பணத்தைத் திருப்பிக் கொடுங்கள், உடலைத் துணியில் சுற்றி மரியாதையாகக் கொடுங்கள். அடுத்த அறுவையைத் தொடங்குமுன் காரணம் மருந்திலா, ஆக்சிஜனிலா, விலங்கின் நோயிலா என்று பத்து நிமிடம் நின்று பாருங்கள்.

வீட்டுக்கு அனுப்பும்போது

தானாக நான்கு காலாலும் நடந்தால்தான் அனுப்பலாம். அச்சடித்த தாள் கொடுங்கள், வாயாலும் சொல்லுங்கள். இரவு வழக்கத்தில் பாதிச் சாப்பாடு. பத்து நாள் குளியல் இல்லை, குதிக்க விடுவதில்லை, வெளியே விடுவதில்லை. தையலை நக்காமல் கூம்பு வடிவக் காலர், இல்லாவிட்டால் குழந்தையின் பழைய பனியன் கால் நுழைத்துப் போட்டாலும் சரி. புண்ணில் மஞ்சள், எண்ணெய், டெட்டால் எதுவும் போடக் கூடாது. ஈ உட்காராமல் பார்ப்பது முக்கியம். நம் ஊரில் புண் கெடுவதற்குப் புழு வைப்பது பெரிய காரணம், அதனால்தான் உள்ளேயே வைக்கச் சொல்கிறோம்.

வலி என்று வீட்டு மாத்திரை கொடுத்துவிடாதீர்கள் என்று இரண்டு முறை சொல்லுங்கள். பூனைக்குப் பாராசிட்டமால் ஒரு மாத்திரையே உயிரைக் குடிக்கும். நாய்க்கு இபுபுரூபன் குடலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும்.

எப்போது அழைக்க வேண்டும் என்பதைத் தாளின் மேலேயே பெரிய எழுத்தில் போடுங்கள்: ஈறு வெளுத்தால், ரத்தம் சொட்டினால், மறுநாள் காலையும் எழாவிட்டால், ஒரு நாள் முழுக்கச் சாப்பிடாவிட்டால், தையல் பிரிந்தால். உள்ளிருந்து ஏதாவது வெளியே வந்திருந்தால் உள்ளே தள்ள முயலாமல், சுத்தமான ஈரத் துணியால் மூடி உடனே தூக்கிவர வேண்டும். அந்த எண்ணுக்கு இரவு இரண்டு மணிக்கும் எடுக்கும் ஆள் வேண்டும். அப்படி ஒருவர் கிடைக்கும்வரை முகாம் தேதியை அறிவிக்காதீர்கள்.

ஆண் விலங்கு வைத்திருப்பவரிடம் இன்னொன்று: விரை எடுத்த பின்னும் நான்கு முதல் ஆறு வாரம் வரை சினையாக்கும் திறன் மிச்சமிருக்கலாம். அதுவரை பெண்ணிடமிருந்து பிரித்து வையுங்கள்.

மறுநாளும், மூன்றாம் நாளும், பத்தாம் நாளும் ஒவ்வொரு வீட்டுக்கும் அழைத்து, பதிலை அதே தாளில் எழுதுங்கள். பத்தாம் நாள் தையல் பிரிக்க வேண்டியவர்களை ஒரே மாலையில் வரச் சொல்லலாம். அன்று வருகிறவர்களிடம் பக்கத்து வீட்டில், எதிர் வீட்டில் இன்னும் குட்டி போடும் பூனை இருக்கிறதா என்று கேளுங்கள். கையில் நோட்டை வைத்துக்கொண்டே கேளுங்கள், அடுத்த முகாமின் முதல் பெயர் அங்கேயே கிடைக்கும்.